சின்ன அறைக்குக் கட்டில்

தூரின் நகரம், ஞாயிறு காலை

அன்புள்ள அம்மாவுக்கு,

டோரின் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? படியில் பார்த்து இறங்குங்கள்.

போன வாரம் வந்தவர் வீட்டைப் புதுப்பிக்க அளவெடுக்கிறார் என்று போனில் சொன்னேனே, அது பொய். அவர் வீட்டுக்கு விலை மதிப்பிட பேங்க் அனுப்பிய ஆள். கூரை போட வீட்டின் மேல் வாங்கிய கடன் முடிய ஒரு வருடம்தான் இருக்கிறது. அதை அடைத்துவிட்டு, வீட்டை மறுபடியும் பெரிய தொகைக்கு அடமானம் வைக்கிறேன். மிச்சப் பணம் இங்கே ஃபிளாட் வாங்க முன்பணம். அப்பா என் பேரில் எழுதிய வீடுதான். ஆனாலும் உங்களைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தவணையை நான் கட்டிவிடுவேன், பயப்படாதீர்கள்.

அந்த மனுஷன் போனில் ஒரே சிரிப்பு. "உங்கம்மா என்னை விடவே இல்ல சார். பிளம் சாராயம், கேக்குன்னு உட்கார வச்சுட்டாங்க. 'சின்ன ரூமை நல்லா அளங்க தம்பி, என் மகன் திரும்பி வர்றான், பெரிய கட்டில் போடணும்'னாங்க."

நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், அம்மா.

அவர் எடுத்த போட்டோக்களும் வந்தன. என் அறையில் புது விரிப்பு விரித்திருக்கிறீர்கள்.

பச்சைத் தக்காளி ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்தனுப்புங்கள். இங்கே கடையில் வாங்குவதை வாயில் வைக்க முடியவில்லை.

நம் ஊருக்கு வந்துபோகும் வேன்காரர் கோஸ்டிகா கீழே ஹாரன் அடிக்கிறார். இதை அவரிடம்தான் கொடுக்கிறேன். தச்சரிடம் கட்டிலுக்குச் சொல்லியிருந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

டோரின்