பௌர்ணமி வரைக்கும் மாமா

மாசி 5, திங்கள்

காலையில் பனி. பத்து மணிக்கெல்லாம் வெயில் மண்டையைப் பிளந்தது. மரவள்ளி பிடுங்க ஆள் வரவில்லை. இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு களத்துக்கும் வாசலுக்குமாக நடை.

பக்கத்து வீட்டு மல்லிகா வந்தாள். வேன் பேசியாச்சாம். பர்வதமலை, பௌர்ணமிக்கு. நைனார்பாளையத்துப் பெண்கள் மட்டும். என் பெயரையும் சேர்த்துவிட்டாள். இவரிடம் நேற்றே கேட்டிருந்தேன், "ம்" என்றார். கிரிக்கெட் பார்த்துக்கொண்டே சொன்ன "ம்". இருந்தாலும் சொன்னது சொன்னதுதான்.

நான் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து மாமா, இவருடைய அப்பா, வருஷம் தவறாமல் அந்த மலைக்குப் போனவர். ஊர் ஆம்பளைகள் எல்லாம் அவர் பின்னால். புளிச்சோறு கிளறிப் பொட்டலம் கட்டினது மட்டும் நான். மாமியார் ஒரே ஒரு தடவை, "நானும் வரட்டா?" என்று கேட்டார். "மலைய நாசம் பண்ணவா?" என்றார் மாமா. மாமியார் அப்புறம் கேட்கவே இல்லை. கேட்காமலே செத்தும் போனார். எனக்கு மூட்டு தேய்ந்துகொண்டு வருகிறது. இந்த வருஷம் ஏறவில்லை என்றால் நானும் புளிச்சோறோடு சரி.

இப்போது மாமா கட்டிலில். மூன்று வருஷம் முன்னால் வாதம் அடித்து வலது கையும் காலும் போச்சு. பேச்சு கொஞ்சம் குழறும். மூளை மட்டும் புதுப் பிளேடு. ஊட்டுவது, துடைப்பது, கழுவுவது எல்லாம் நான். இவர் நிலைப்படியில் நின்று எட்டிப் பார்ப்பார். மகன் செய்கிற தொண்டு அவ்வளவுதான்.

வேண்டியது: டார்ச். பாறை ஏறும்போது சங்கிலி பிடிக்கக் கையுறை. நெய், கற்பூரம். மூட்டுக்குப் போடும் பட்டை. ஷூ இல்லை. இவருடைய பழைய கேன்வாஸ், இரண்டு சாக்ஸ் போட்டால் சரியாக வரும்.

ராத்திரிக் கஞ்சி ஊட்டும்போது மாமாவிடம் சொன்னேன். "எந்த மலை?" என்றார். "நீங்க போவீங்களே, அதே மலைதான்." வாயில் இருந்ததை அப்படியே என் புடவையில் துப்பினார். குறி மட்டும் வாதத்தில் கெடவில்லை.

மாசி 8, வியாழன்

மாமா சாப்பிடுவதில்லை. திங்கட்கிழமை ராத்திரியிலிருந்து. கரண்டி கிட்டே போனால் பல்லைக் கடித்துக்கொள்கிறார். தொண்டையில் ஏதோ என்று பயந்து கம்பவுண்டரைக் கூட்டி வந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தார். "தொண்ட நல்லா கீதும்மா. மனசுதான் அடச்சிக்கினு கீது."

சாயங்காலம் மல்லிகா சும்மா பேச வந்தவள் சொன்னாள். "வூட்ல சாவு வுழுந்தா ஒரு வருசம் மலை ஏறக் கூடாது, தெரியுமில்ல? பாத்துக்கடி உங்க மாமனார."

அப்போதுதான் மண்டையில் அடித்தது. மாமாவுக்குத் தெரியாத சட்டமா? வேனில் ஏறின ஆளையே, பங்காளி வீட்டில் சாவு என்று சேதி வந்ததும், பை மூட்டையோடு நடுரோட்டில் இறக்கி விட்டவர். 

உள்ளே போய் நேராகவே கேட்டேன். "மாமா, பௌர்ணமிக்கு முன்னாடி செத்துடலாம்னு பாக்கறீங்களா?"

வாய் இடது பக்கம் மட்டும் சிரித்தது. "ஆமா."

மெச்ச வேண்டியதுதான். கையும் காலும் போன மனுஷனிடம் மிச்சம் இருப்பது சாவு ஒன்று. அதையும் எனக்கு எதிராகத்தான் செலவழிப்பேன் என்கிறார்.

மாசி 10, சனி

ஏறிப் பழக வேண்டும் என்று மல்லிகா எங்களைக் கல்வராயன் மலைக்கு இழுத்துப் போனாள். கச்சிராயபாளையம் வரை பஸ். கோமுகி அணைக்குப் பின்னால் மலை ரோட்டில் நடை. மூன்றாவது வளைவில் என் மூட்டு "டக்" என்றது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இறக்கி விடுவார்கள்.

பாறையில் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சோறு. மல்லிகா வாய் ஓயாமல் பேச்சு. அவள் சித்தப்பா மகன் போனை அணைத்துவிட்டு மலை ஏறினானாம். பங்காளி செத்த சேதி இறங்கின பிறகுதான் தெரிந்ததாம். "காதுல வுழுந்தாதானே தீட்டு? வுழாத வரிக்கும் சாமிக்கு இன்னா தெரியும்?" எல்லாரும் சிரித்தார்கள். நான் ஜாஸ்தியாகவே சிரித்தேன்.

வீடு திரும்பினால் மாமாவின் படுக்கை முழுக்க ஈரம். மதியத்திலிருந்து அப்படியே. இவர் டிவி முன்னால். "உனக்குதான் காத்துக்கினு கீறாரு" என்றார்.

மாசி 13, செவ்வாய்

வெயில் ஏறுகிறது. ஆட்டெலும்பு சூப், கேழ்வரகுக் கூழ், முட்டையை அடித்துப் பால். மூக்கைப் பிடித்தால் வாய் தானாகத் திறக்கும், அந்த நேரத்தில் கரண்டி. முதல் நாள் விரலைக் கடித்துவிட்டார். இப்போது கரண்டிக்கும் விரலுக்கும் நடுவே தூரம் வைக்கக் கற்றுக்கொண்டேன். நேற்று கம்பவுண்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். ஊசி ஏறும்போது மாமா என்னைப் பார்த்த பார்வையில் பச்சை மரம் பட்டுப்போகும்.

இந்த மூன்று வருஷத்தில் இவ்வளவு நன்றாக நான் அவரைப் பார்த்துக்கொண்டதே இல்லை. கன்னம் கூடக் கொஞ்சம் உப்பியிருக்கிறது.

தெருவில் எனக்குப் பெயர். "மருமவள்னா இப்பிடி இருக்கணும். பெத்த பொண்ணுகூட இப்பிடிப் பாக்காது." தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளே வந்து மாமாவிடம் அதைச் சொன்னேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு. அவருக்குப் பாதிச் சிரிப்பு.

"ஞாயித்துக்கிழம வரிக்கும் இருங்க மாமா. அப்புறம் உங்க இஷ்டம்."

"சனிக்கிழம," என்றார். பேரம் பேசுகிறார்.

மாசி 15, வியாழன்

நாத்தனார் விஜயா தியாகதுருகத்திலிருந்து வந்தாள். ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு குடம் கண்ணீர். கட்டிலுக்கு இரண்டு அடி தள்ளி நின்றே அழுதாள், வாடைக்கு.

"அண்ணி, அப்பாவ இந்த நெலமையில வுட்டுட்டு மலைக்கா?"

"ஒரு ராத்திரிதான். மேல தங்கிட்டு மறுநாள் வந்துடுவேன். நீ கூட இரேன்."

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்லியே."

"எனக்கு மட்டும் பொறந்த வூட்ல சொல்லிக்குடுத்தா அனுப்புனாங்க?"

இவர் குறுக்கே வந்தார். "நீ போவலன்னா சாமி இன்னா கோச்சிக்குமா?" கேன்வாஸ் ஷூவை எடுத்து வாசலில் வெயிலில் காயவைத்தேன். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் விஜயா இருக்கிறேன் என்றாள். பீச்சட்டி எங்கே, தூக்குவது எப்படி என்று காட்டினேன். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே கேட்டாள்.

மாசி 17, சனி

மூட்டை கட்டியாச்சு. விடியும் முன் வேன்.

மாமா கேட்ட சனிக்கிழமை முடிந்துவிட்டது, உயிர் போகவில்லை. விளக்கை அணைக்கப் போனேன். "சங்கிலிலேர்ந்து கை வுட்டு வுழுந்து சாவுடி," என்றார்.

"சரி மாமா. நீங்க திங்கக்கிழமைக்கு மேல பாத்துக்குங்க."

சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன். சந்தோஷம். பொய் சொல்லுவானேன், நல்ல சந்தோஷம்.

மாசி 19, திங்கள்

மத்தியானம் வந்து சேர்ந்தேன். தொடை கல்லாகக் கிடக்கிறது. இப்போதே எழுதிவிட வேண்டும்.

நேற்று அடிவாரத்தில் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். எல்லாரும் பத்தடி முன்னால் போய்விட்டார்கள். போன். இவர்.

"அப்பா போயிட்டாருடி."

தெளிவாகத்தான் கேட்டது. அந்த இடத்தில் செல்போன் டவர் கண்ணெதிரே நிற்கிறது.

"அலோ? கேக்கலங்க."

"அப்பா செத்துட்டாரு. கெளம்பி வா."

"அலோ... அலோ... ஒண்ணுமே கேக்கலங்க."

அணைத்தேன். பைக்கு அடியில், மூட்டுப் பட்டைக்குக் கீழே தள்ளினேன். மல்லிகா திரும்பி, "யாருடி?" என்றாள். "ராங் நம்பர்."

ஏறினேன். படிக்குப் படி, செத்துட்டார், செத்துட்டார். அழுகை வரவில்லை. கையை மோந்து பார்த்தேன். மூத்திர வாடை இல்லை, மல்லிகைப்பூ வாடை. அவ்வளவு காற்று என் மேல் பட்டு எத்தனை காலம். பிணம் வீட்டில் கிடக்க மருமகள் காற்று வாங்குகிறாள் என்று எனக்கே தோன்றியது. தோன்றட்டும் என்று ஏறினேன்.

பாதி வழி மண்டபம் தாண்டியதும் பயம் பிடித்தது. தீட்டோடு வருகிறவர்களை இந்த மலைத் தேனீ மோந்து பார்த்துக் கொட்டும் என்று மாமா சொல்லிச் சொல்லி ஊருக்கே மனப்பாடம். பாறையில் இரும்புக் கம்பி அடித்து வைத்திருக்கும் இடத்தில், ஒரு கை சங்கிலியில், ஒரு கால் கம்பியில், காதுக்குப் பக்கத்தில் ரீங்காரம். கண்ணை மூடிக்கொண்டேன். சரி, கொட்டு.

மல்லிகாவைக் கொட்டியது. கன்னத்தில், கண்ணுக்குக் கீழே. அரை நாழியில் முகம் பூசணிக்காய்.

மேலே போய்ச் சேர்ந்ததும் பெண்கள் எல்லாம் ஒன்றுகூடிவிட்டார்கள். "உங்க வூட்ல இன்னா தீட்டு, மல்லிகா? பங்காளிங்க யாரும் போனாங்களா?" அவள் வீட்டுக்குப் போன் போட்டாள், சித்தப்பா வீட்டுக்குப் போட்டாள். எல்லாரும் உயிரோடுதான். "நமக்குத் தெரியாம எங்கியோ ஒருத்தர் போயிருப்பாங்க," என்று முடிவு கட்டினார்கள். மேலே கோயிலில் நம் கையாலேயே சாமியைத் தொட்டு அபிஷேகம் செய்யலாம். அதற்குத்தான் அத்தனை பேரும் போனது. மல்லிகாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். வேன் பேசினவள், என் பெயரைச் சேர்த்தவள். சொம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உன் சொம்ப நான் ஊத்தறேன், குடு," என்றேன். வாங்கிக்கொண்டு போய் ஊற்றினேன். இரண்டு கையாலும் சாமியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. வெளியே வந்து அவள் கன்னத்தில் சுண்ணாம்பும் தடவி விட்டேன். "நீதான்டி என் கூடப் பொறந்தவ," என்றாள். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பை அப்பினேன்.

ராத்திரி மேலே தங்கினோம். நிலா. பார்க்கவில்லை, தூங்கிவிட்டேன்.

இன்று தெருமுனையில் வேன் நின்றது. பந்தல் இல்லை. பறைச் சத்தம் இல்லை. எடுத்து முடித்துவிட்டார்களோ என்று பார்த்தால் வாசல் கழுவவும் இல்லை. இவர் தின்பண்டம் கொறித்துக்கொண்டு டிவி பார்க்கிறார். விஜயா பையோடு பஸ்ஸுக்குத் தயாராக நிற்கிறாள்.

"போன் பண்ணேனே, கேட்டுச்சா?" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

"கேக்கல. இன்னா விசயம்?"

"ஒண்ணுமில்ல. பீரோ சாவி எங்கன்னு."

உள்ளே எட்டிப் பார்த்தேன். கட்டிலில் மாமா. கண்ணைத் திறந்துகொண்டு.

மாசி 20, செவ்வாய்

மேகமூட்டம். மழை இல்லை.

இவர் காட்டுக்குப் போன பிறகு மாமாவுக்குக் கஞ்சி எடுத்துப் போனேன். முதுகில் படுக்கைப்புண். இரண்டு நாளில் புண் வைத்துவிட்டார்கள். நெற்றியில் மலைத் திருநீறு பூசினேன், தடுக்கவில்லை.

தானாகவே ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை வயிறு போயிருக்கிறது. நான் ஊட்டின சூப்பெல்லாம் சேர்த்து. அண்ணனும் தங்கையும் நிலைப்படியில் நின்று, யார் வாருவது என்று சண்டை. அப்புறம் விஜயாதான் யோசனை சொன்னாளாம். "செத்துட்டாருன்னு சொல்லுண்ணா, அடிச்சி புடிச்சி ஓடியாந்துடும்."

"இங்கியே நின்னு சொன்னான்," என்றார் மாமா. "என் மூஞ்சப் பாத்துக்கினே."

கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"கேக்கல கேக்கலன்னு சொன்னியாமே."

"ஆமா."

"கேட்டுச்சா?"

கதவைப் பார்த்தேன். யாரும் இல்லை. "கேட்டுச்சு மாமா."

"நான் செத்தேன்னு கேட்டும் ஏறுனியா?"

"ஏறுனேன்."

"சாமியத் தொட்டியா?"

"தொட்டேன்."

வாயைக் குவித்தார். துப்பப் போகிறார் என்று பின்னால் நகர்ந்தேன்.

"எனக்குப் புள்ளையா நீ பொறந்துருக்கணும்," என்றார்.

துப்பியே தொலைத்திருக்கலாம்.