ஆஸ்பத்திரி வரிசையில் நான்கு நாள்

வடகரப்பதி
14.8.1976

அன்புள்ள மாமாவுக்கு,

மயிலாத்தாள் வணங்கி எழுதுவது. நீங்கள் கோடு போட்டு அனுப்பிய தாள்கள் வந்தன. இந்த வாரம் நாலு நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டேன். தலைமையாசிரியர் இப்போது என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

உங்கள் ஆராய்ச்சிக்காக ஆஸ்பத்திரி வரிசையைக் குறித்திருக்கிறேன். எப்படியும் உங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கேதானே நிற்கிறேன். ஆள் வருவது சுமார் ஐந்து நிமிஷத்துக்கு ஒருவர். பொள்ளாச்சி பஸ் வந்தால் இருபது பேர் ஒன்றாக. டாக்டர் எட்டரைக்கும் வருவார், பத்தரைக்கும் வருவார். ஒருவரைப் பார்க்க 'கொஞ்ச நேரம்'. திட்டமான எண் இல்லாவிட்டாலும் உங்கள் ஃபஸி கணிதம் இப்படிப்பட்ட சொற்களையே எடுத்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தீர்கள். நாலு மணி நேரம் காத்திருந்தால் 'ரொம்ப நேரம்' என்பதற்கு மதிப்பு ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு அரை என்று போடச் சொன்னீர்கள். அங்கேதான் எனக்குக் கை ஓடவில்லை. எனக்கு இரண்டு மணி நேரம் அரைதான். அத்தைக்கு அரை மணி நேரமே ஒன்று. இருவருக்கும் தனித்தனியாகப் போட்டிருக்கிறேன். அப்படிப் போடலாமா என்று உங்கள் புரொபசரிடம் கேளுங்கள்.

அத்தைக்கு லேசாக மூச்சு வாங்குகிறது என்றுதான் முன்பு எழுதினேன். லேசாக இல்லை. காலெல்லாம் நீர். படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தபடியே தூங்குகிறார். மறைத்தது என் தப்பு.

செவ்வாயும் புதனும் எங்கள் முறை வருவதற்குள் டாக்டர் எழுந்துவிட்டார். வியாழக்கிழமை கதவு வரைக்கும் போய்விட்டோம். வரிசையின் கடைசியில் ஒருத்தி துவண்டுபோன கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். அத்தை அவளைக் கூப்பிட்டு எங்கள் இடத்தில் விட்டார். குழந்தைக்கு மருந்து ஏற்றி முடிக்கும்போது மணி ஒன்று, டாக்டர் போய்விட்டார். நான் ரோட்டில் நின்று அத்தையைத் திட்டிவிட்டேன் மாமா. இதுவரை அவரை ஒரு சொல் சொன்னதில்லை. அவர் மைல் கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி சொன்னார்:

"அது பொழைச்சுக்கும் கண்ணு. என்னையப் பாத்து அந்த டாக்டரு புதுசா என்னத்தச் சொல்லப் போறாரு?"

நேற்று டாக்டர் அத்தையைப் பார்த்தார். இதயம் வீங்கியிருக்கிறதாம். அத்தையை வெளியே உட்கார வைத்துவிட்டு, எவ்வளவு நாள் என்று கேட்டேன். மகன் எங்கே என்றார். வடக்கே படிக்கிறார் என்றேன். "மகனெ விளிக்கூ" என்று மலையாளத்தில் உங்களைக் கூப்பிட மட்டும் சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார்.

தந்தி என்றால் பதறிவிடுவீர்கள் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன். அத்தைக்குத் தெரியாது. படிப்பு கெட்டுவிடும், அவனுக்கு எதுவும் எழுதாதே என்று நேற்றும் சொன்னார். ஆனால் நேற்றிலிருந்து வாசல் கதவைச் சாத்த விடவில்லை. காற்று வரட்டும் என்கிறார்.

கடிதம் கண்டதும் புறப்படுங்கள். ரயிலில் வேளைக்குச் சாப்பிடுங்கள். மாரியம்மன் உங்களை நல்லபடியாக, சீக்கிரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
மயிலாத்தாள்