அம்மன் பூச்செடிக்கு முட்டை ஓடு

அம்மன் துணை
பாளையம்பட்டி
9.6.2024

தங்கை அஷ்வினிக்கு,

நலம். போனில் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் காகிதம்.

நீ அனுப்பிய உர மூட்டை வந்தது. காய்கறித் தோலை மக்க வைக்க மதுரையில் வகுப்பு எடுக்கிறாயாம், சால்வை வேறு போடுகிறார்களாம். நம் அம்மா கொல்லையில் குழி வெட்டி இதையேதான் செய்தாள். ஒருவரும் துண்டுகூடப் போடவில்லை.

கோவிலுக்குப் பூக் கொடுக்கும் அரளிக்கு வைத்தேன். தழைக்கிறது. உன் பெருமை என்று நினைக்காதே, தண்ணீர் ஊற்றுகிறவள் நான்.

வேணி

மதுரை
14.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் வந்தபோது உன் அரளியை வீடியோ எடுத்தேனே, எங்கள் குழுவில் போட்டுவிட்டேன். நான் அனுப்பிய உரத்தில் முட்டை ஓடும் பொடித்துச் சேர்த்திருந்தேன். ‘முட்டை ஓடு தின்று பூத்த அம்மன் பூ’ என்று தலைப்பு. ஒரே பாராட்டு!

உன் அஷ்வினி

பாளையம்பட்டி
20.7.2024

அஷ்வினிக்கு,

முட்டை ஓடா? நாமும் முட்டை தின்கிறோமே என்பாய். நாம் தின்பது வேறு, அம்மன் பூச்செடி தின்பது வேறு. சால்வை வாங்கும் மூளைக்கு இது எட்டவில்லை.

உன் வீடியோ இந்தத் தெரு முழுக்கச் சுற்றிவிட்டது. கோவில் பெரியவர் சௌடையா கூடையைத் திருப்பிக் கொடுத்து, “ஏம்மா வேணி, அம்மனுக்கு ஆம்லெட் வாசத்துலயா பூ?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை கூட்டமாம்.

வேணி

மதுரை
23.7.2024

அக்கா,

வீடியோவை அழித்துவிட்டேன். எனக்கு மண் மட்டும்தான் தெரிந்தது, அம்மன் பூவுக்கு நீ பார்க்கும் சுத்தம், நேமம் தோன்றவில்லை. தங்கச்சி ஏமாத்திட்டானு சொல்லிவிடு. பழி எனக்கு வரட்டும், கோவிலுக்கு உன் பூ போவது நிற்கக் கூடாது.

அஷ்வினி

பாளையம்பட்டி
28.7.2024

அஷ்வினிக்கு,

நீ எழுதியதையே வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சௌடையாவும் கேட்டார். “தங்கச்சி ஏமாத்திட்டானு ஒரு வார்த்தை சொல்லு, செடியப் பிடுங்கிப் போடு. நாளைக்கே பூ எடுத்துக்கிறோம்.”

“நான் ஏமாறல. கையில அள்ளிப் பாத்தேன், மண்ணாத்தான் இருந்துச்சு. மண்ணை அசுத்தம்னு சொல்ல எனக்கு வாய் வராது. அவுக அவுக வீட்டுக் கறிச்சோத்து இலை ஊருணில விழுகுது, அந்தத் தண்ணிலதான அம்மனுக்கு அபிஷேகம்? யார் வீட்டு இலைன்னு கணக்குச் சொல்லட்டுமா?” என்றேன்.

ஒருத்தரும் கணக்குக் கேட்கவில்லை. பூ வேண்டாம் என்றுவிட்டார்கள். வாயிருந்த அளவுக்கு ரோஷம் இல்லாத கூட்டம்.

உன்னைக் காப்பாற்றினேன் என்று நினைக்காதே. உன் குப்பை வேதாந்தம் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை.

இன்று பறித்ததை வீட்டுப் படத்துக்குப் போட்டேன். கோவில் மணி அடித்ததும் எழுந்து பூக்கூடையோடு வாசல்வரை போய்விட்டேன். இதை உன்னிடம்தான் சொல்ல முடிகிறது, என்ன செய்ய.

அக்கா
வேணி