இன்னும் நேற்றாக இருந்த இடம்

செவ்வாய்க்கிழமை, இரவு

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். எழுதிப் பார்த்தாலும் நம்ப முடியவில்லை.

திறந்த மூல வரைபட மென்பொருள் ஒன்றுக்கு நிரல் எழுத மாணவர்களை அழைத்திருந்தார்கள். வயது வரம்பு இல்லை. நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்ற நானும் உக்குவளைக் கணினி வகுப்பில் மாணவன்தான். கடைசி நாள் நேற்று. என் வழக்கப்படி ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்துக்கொண்டே இருந்ததில் நள்ளிரவு கடந்துவிட்டது. இந்த வயதில் ஆசைப்பட்டதற்கு இது வேண்டும் என்று படுத்துவிட்டேன்.

காலை வகுப்பில், பக்கத்து இருக்கை ரிஸ்னாவிடம் மட்டும் சொன்னேன். அவள் அறிவித்தலைத் திறந்து கடைசி வரியைக் காட்டினாள்.

"சேர், பூமியில எந்த மூலையிலயாவது நேத்தைய நாள் மிச்சம் இருந்தா அனுப்பலாம்னு போட்டிருக்காங்க. பசிபிக் பக்கம் இன்னும் நேத்துதான். நமக்குப் பின்னேரம் வரைக்கும் நேரம் இருக்கு."

நான் 'நள்ளிரவு' என்ற சொல்லோடு வாசிப்பதை நிறுத்தியிருக்கிறேன்.

"காலமெல்லாம் காணி அளந்த ஆளு, தேதி மாறுற கோட்டை மறந்துட்டீங்களே," என்று சிரித்தாள்.

"இன்னொரு தடவை வாசிச்சுப் பார்த்துட்டு..." என்றேன்.

"வாசிச்சது போதும் சேர். அழுத்துங்க. இல்லாட்டி நான் அழுத்துவேன்."

நானே அழுத்தினேன். விண்ணப்பம் கிடைத்தது என்று உடனே பதில் வந்தது. ரிஸ்னா சத்தமாக அறிவிக்க, வகுப்பே கைதட்டியது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

தெரிவாவேனோ என்னவோ. இரண்டாம் பக்கத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. இருக்கட்டும். எழுந்து போய்ப் பார்க்கப் போவதில்லை.