ராசாத்தி என்று கூப்பிட்ட நட்டு

இதை எழுதுகிற கையில் இன்னும் கரி இருக்கிறது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் கருகின டீசல் வாடை போகவில்லை. உங்கள் சட்டைகளை எத்தனை தடவை தோய்த்தாலும் போகாத அதே வாடை. நீங்கள் கண்ணை மூடி ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டது. உங்கள் பிக்கப் வண்டி மட்டும் இந்த டென்மார்க்கில், வைலே நகரத்தில், நம் வீட்டு வாசலில் மகாராணி மாதிரி நிற்கிறது.

அதைக் கண்டால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான். ஒளிக்காமல் சொல்கிறேன், பொறாமை. வேறொரு பெண்ணென்றால் சண்டை பிடித்து விரட்டியிருப்பேன். நான்கு சில்லு உள்ளவளை என்ன செய்வது? நான் இருமினால், "தேத்தண்ணியிலை இஞ்சி போட்டுக் குடியும்" என்று தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வீர்கள். அவள் இருமினால் மழையென்றும் பாராமல் பாயை விரித்து அவளுக்குக் கீழே படுத்துவிடுவீர்கள். பக்கத்து ஊர் கோல்டிங்கில் யார் வீடு மாறினாலும் சாமான் ஏற்ற உங்கள் இரண்டு பேரையும்தான் கூப்பிடுவார்கள். நான் சாப்பாட்டை மூடி வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

ஒருநாள் காலை அவள் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டாள். நீங்கள் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "கேஸ்கெட் போச்சுது" என்றீர்கள். என்ஜினிலிருந்து வரும் புகைக்குழாயின் மூட்டில் வைத்து மூன்று நட்டுகளால் இறுக்குகிற மெல்லிய தகடு அது. எரிந்துபோனால் இடுக்கால் புகை கசிந்து சத்தம் போடும். என்ஜின் சூடாகி இரும்பு விரிந்ததும் இடுக்கு அடைபட்டு, சத்தம் நின்றுவிடும். இதை எனக்கு விளங்கப்படுத்திவிட்டுச் சிரித்தீர்கள். "இவள் சூடானாச் சத்தம் நிக்கும். நீர் சூடானாத்தான் சத்தம் துவங்கும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். திறந்திருந்த ஜன்னலால் உங்கள் குரல் வந்தது. "வா ராசாத்தி... மெல்ல வா... பயப்பிடாதை, நான் பிடிக்கிறன்."

என் கை நின்றுவிட்டது. டென்மார்க்குக்கு வந்த புதிதில், பனியில் வழுக்கிவிடுமென்று பஸ் தரிப்பிடத்தில் அசையாமல் நின்ற எனக்கு நீங்கள் சொன்ன அதே வார்த்தைகள். மகள் பிறந்த பிறகு நான் வெறும் "இஞ்சாரும்" ஆகிவிட்டேன். ராசாத்தி எங்கே போனாளென்று இன்றைக்குத் தெரிந்துவிட்டது என நினைத்தேன். கத்தியும் கையுமாக வெளியே ஓடினேன். வண்டிக்குக் கீழே உங்கள் கால்கள் மட்டும் தெரிந்தன.

"ஆரோடை கதைக்கிறியள்?"

ஒரு கை வெளியே நீண்டது. விரல்களுக்கு நடுவே துருப்பிடித்த ஒரு நட்டு. "இதோடைதான். நேற்று முழுக்க எண்ணெயிலை ஊறவிட்டும் அசையேல்லை. கெஞ்சினாப் பிறகுதான் வந்தது. முதல்லை கத்தியை அங்காலை வையும்."

சிரிப்பு வந்தது, மனம் ஆறவில்லை. போயும் போயும் ஒரு நட்டுக்கு என் பெயரைத் தூக்கிக் கொடுத்துவிட்டீர்களே! அன்றைக்கு உப்பில்லாமல் கறி வைத்தேன். அதையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வண்டியடிக்குப் போனீர்கள். புதுசு போட்டாச்சே, இன்னும் என்ன என்று கேட்டேன். "ஒருக்கா சூடாகி ஆறினாப் பிறகு திருப்பி இறுக்க வேணும். அப்பதான் பிடி நிக்கும்." நான் எத்தனை தரம் சூடாகி ஆறியிருப்பேன், யார் வந்து பார்த்தார்கள் என்று எனக்குள் முணுமுணுத்தேன்.

இப்போது அந்தச் சத்தம் திரும்ப வந்துவிட்டது. ஹோர்சன்ஸிலிருந்து ஒரு டேனிஷ்காரர் வண்டியை விலைக்குக் கேட்கிறார். சத்தத்தை நிறுத்தித் தந்தால் சனிக்கிழமை கொண்டுபோவாராம். தொலையட்டும் என்று சம்மதித்துவிட்டேன். மகள் கராஜில் விடச் சொன்னாள். அதற்கு மட்டும் மனம் வரவில்லை. உங்கள் கை பட்ட இடத்தில் இன்னொருவர் கை வைப்பதா? பாருங்கள், பொறாமை இந்தப் பக்கமும் திரும்பிவிட்டது. வயோதிபர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் திருப்புகிற கை இது, மூன்று நட்டைத் திருப்பாதா?

நேற்றே எண்ணெய் விட்டு வைத்தேன். இன்று காலை உங்கள் பாயை விரித்துக் கீழே போனேன். இரண்டு நட்டுகள் மரியாதையாக வந்தன. மூன்றாவது அசையவில்லை. "எடி சண்டாளி, அந்த மனிசனைத்தான் என்னட்டை விடேல்லை, இதையாவது விடன்" என்று திட்டினேன். பிறகு களைத்துப்போய் மல்லாந்து கிடந்தேன். முகத்துக்கு நேரே கரி பிடித்த இரும்பு. ஞாயிறு ஞாயிறாக நீங்கள் பார்த்துக் கிடந்தது இதைத்தான். திரும்பவும் ஸ்பேனரைக் கொளுவினேன். வாயில் தன்பாட்டில் வந்தது.

"வா ராசா... மெல்ல வா... நான் பிடிக்கிறன்."

நட்டு கிறீச்சிட்டுத் திரும்பியது. வண்டிக்குப் பக்கத்தில் மகளின் சப்பாத்துகள் வந்து நின்றன. எதைக் கேட்டாலும் டேனிஷில் பதில் சொல்கிறவள் தமிழில் கேட்டாள்: "அம்மா, ஆரோடை கதைக்கிறீங்கள்?"

கையை வெளியே நீட்டினேன். "இதோடைதான்."

பழைய தகட்டைச் சுரண்டி எடுத்து, புதியதை வைத்து, மூன்றையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஓடவிட்டுப் பார்த்தேன், சத்தம் இல்லை. வாசலில் நிற்கிறவள் ஆறும் வரைக்கும் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆறினதும் போய்த் திருப்பி இறுக்க வேண்டும். சனிக்கிழமை அவள் போகட்டும், எனக்கு அவளை இன்னும் பிடிக்கவில்லை. 'ராசாத்தி' என்ற அந்தச் சொல்லை மட்டும் அவளோடு அனுப்பமாட்டேன்.

நட்டைக் காட்டி நான் மகளுக்குச் சொன்னது பொய், நான் கூப்பிட்டது உங்களை. அன்றைக்கு நீங்களும் எனக்குப் பொய்தானே சொன்னீர்கள்?