ஐந்து இறாத்தல் காற்று

அக்கா,

போன சனிக்கிழமை உங்களுடைய வானைச் சென்ட் லோரன்ட் கராஜுக்குக் கொண்டுபோனேன், குளிர்கால டயர்களைக் கழற்றுவதற்கு. மே மாதம் பாதி போய்விட்டது. இப்போதுதான் நேரம் கிடைத்தது என்று கராஜ் தம்பியிடம் சொன்னேன். பொய். நேரம் இருந்தது, மனம் வரவில்லை. இந்த வருடம் எதற்குமே எனக்கு மனம் வருவதில்லை.

வானின் திறப்பை வாங்கிக்கொண்டே அவன் கேட்டான்: "பின் பையளுக்குக் காத்துப் பாக்கிறனீங்களே அக்கா?"

பார்க்கிறவள் மாதிரிக் காட்டிக்கொள்ள வேண்டுமே. முன்னிருக்கைக்கு எதிரே உள்ள பெட்டியைத் திறந்து, நீங்கள் வைத்திருந்த காற்று அளக்கும் கேஜைத் தேடினேன். பேனா அளவுச் சாமான். உங்களுடைய பழைய தலைத்துணி ஒன்றில் சுற்றிக் கிடந்தது. துணியைப் பிரித்ததும் தைல மணம் குப்பென்று வந்தது. கற்பூரமும் கராம்பும் கலந்த அந்த மணம். ஏழு மாதமாகத் திறக்காத பெட்டி. நீங்கள் இவ்வளவு நேரமும் பக்கத்தில் இருந்துவிட்டு இப்போதுதான் இறங்கிப் போனதுபோல இருந்தது. அப்படியே இருக்கையில் உட்கார்ந்தேன்.

வானை மேலே தூக்கிய பிறகு தம்பி கூப்பிட்டுக் காட்டினான். பின் சில்லுகளுக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்பிரிங் சுருள்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ரப்பர்ப் பை. பின்னால் இழுத்துப்போகிற கரவனை, அந்தச் சில்லு வைத்த வீட்டை, வானில் கொளுவும்போது பைகளுக்குக் காற்றடித்தால் வானின் பின்பக்கம் பதியாமல் நிமிர்ந்து நிற்கும். அதில் இடப்பக்கத்துப் பை மடிந்து, ஸ்பிரிங்கில் உரசி உரசிக் கிழிந்து தொங்கியது.

"வெறுமையா ஓடியிருக்கிறியள்," என்றான். "கரவன் இழுக்காட்டியும் அஞ்சு இருக்கோணும். அந்த அக்கா சொல்லித் தரேல்லையே?"

சொல்லித் தந்தீர்கள். நூறு தரம் சொல்லித் தந்தீர்கள். கரவனைக் கழற்றியதும் முதல் வேலையாகக் குனிந்து, நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வால்வை அமத்துவீர்கள். ஸ்ஸ் என்று காற்று இறங்கும். "முழுக்க விட்டிராத புள்ள. அஞ்சு இரிக்கணும். வெறுமையாக் கிடந்தா அது தன்னைத் தானே தின்னும்." காற்றழுத்தத்தை எல்லோரும் பவுண்டில் சொல்ல, நீங்கள் இறாத்தலில்தான் சொல்வீர்கள், பாண் வாங்குகிறவர்களைப் போல. இழுக்கும்போது இருபத்தைந்து இறாத்தல், சும்மா நிற்கும்போது ஐந்து. நான் உம் கொட்டிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றுவேன். நீங்கள் இருக்கும்போது எனக்கேன் அந்தக் கணக்கெல்லாம்?

கரவன் வாங்கும் எண்ணம் எங்கே தொடங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். அது மணலில் தொடங்கியது. டோர்வல் விமான நிலையத்தில் நாங்கள் கூட்டித் துடைக்கிற விமானங்களில், வெயில் நாடுகளுக்குப் போய்வருகிறவற்றில் மட்டும் இருக்கைகளுக்குக் கீழே கடல் மணல் கிடக்கும். எனக்கு அது எரிச்சல். எத்தனை தரம் உறிஞ்சினாலும் போகாது. நீங்கள் அதை விரலால் தொட்டு, உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பீர்கள். ஒருநாள் முழங்காலில் இருந்தபடியே சொன்னீர்கள்: "நாமளும் ஒருக்காக் கடலுக்குப் போவம் புள்ள. பிளேன் வேணாம். நாள் முழுக்கப் பிளேனுக்குள்ளதானே கிடக்கம்."

மட்டக்களப்பில் பிறந்தவருக்குச் சூரியன் கடலுக்குள் இருந்துதான் வரவேண்டும். மொன்றியலில் அது பக்கத்துத் தொடர்மாடிக்குப் பின்னால் இருந்து வருகிறது. காஸ்பே வரைக்கும் போனால் மறுகரை தெரியாத கடல் இருக்கிறது என்று யாரோ உங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். அந்த வருடமே பழைய கரவன் ஒன்றைப் பங்குக்கு வாங்கினோம். இங்குள்ளவர்கள் 'ரூலோட்' என்பார்கள். உங்களுக்குக் கடைசிவரை கரவன்தான்.

கடலுக்குப் போகமுதல் பழகிப் பார்ப்போம் என்று லோரன்சியன் மலைப்பக்கம் போனோமே, நினைவிருக்கிறதா? இரண்டு பெண்களுக்கு இரண்டு நாள் பயணம். நீங்கள் ஏற்றியது ஒரு மூட்டை அரிசி, பத்துத் தேங்காய், இரண்டு காஸ் அடுப்பு, முப்பது பேருக்குச் சமைக்கிற அலுமினியச் சட்டி. எல்லாம் வானின் பின்பக்கத்தில்.

"காட்டுக்குள்ள ஆர் அக்கா எங்களிட்டச் சோறு கேட்டு வரப்போகினம்?"

"வந்தா?" என்றீர்கள்.

மழை பிடித்துக்கொண்டது. பட்டப்பகலில் லைற் போட்டுக்கொண்டு ஓடினோம். எதிரே வந்த லொறிகள் எல்லாம் லைற்றை அடித்து அடித்துக் காட்டின. கரவன்காரரைக் கண்டால் இங்கே அப்படித்தான் மரியாதை செய்வார்களாம் என்று சொல்லி, நீங்கள் ஒவ்வொரு லொறிக்கும் கையை ஆட்டினீர்கள். நானும் ஆட்டினேன். "இண்டைக்கு ஸ்டியரிங் பஞ்சு மாதிரி இரிக்கு, ஓடச் சுகம்," என்று வேறு மெச்சிக்கொண்டீர்கள். பெற்றோல் அடிக்க நிறுத்திய இடத்தில் ஒரு கிழவர் தொப்பியோடு மழையில் இறங்கி வந்து, தன் கையைச் சரித்துக் காட்டினார். அப்போதுதான் பார்த்தோம். கரவனின் பாரமும் உங்கள் சட்டியின் பாரமும் சேர்ந்து வானின் பின்பக்கத்தை நிலத்தோடு அழுத்தியிருந்தன. மூக்கு மேலே தூக்கியிருந்தது. எங்கள் லைற் வருகிறவர்களின் கண்ணில் அடித்திருக்கிறது. முன் சில்லுகளுக்கு நிலத்தில் சரியான பிடிமானம் இல்லை. ஸ்டியரிங் பஞ்சானது அதனால்தான். அன்றைக்கு நாங்கள் தப்பியது உங்கள் ஊர் மாமாங்கப் பிள்ளையாரின் வேலை என்று சொன்னீர்கள். இருக்கலாம்.

திரும்பி வந்ததும் தம்பியின் கராஜுக்குப் போனோம். அவன் இரண்டு வழி சொன்னான். ஒன்று, பின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுத் தடித்த ஸ்பிரிங் போடுவது. "போட்டா மறந்திடலாம். ஆனா கரவன் இல்லாமல் ஓடேக்க இந்த றோட்டுக் கிடங்குக்குள்ள எலும்பெல்லாம் கழண்டுபோம்." மற்றது, இருக்கிற ஸ்பிரிங்குக்குள் காற்றுப் பை வைப்பது. "மெத்தெண்டு இருக்கும். ஆனா ஒவ்வொரு முறையும் காத்துப் பாக்கோணும்." பிறகு உங்கள் சட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டவன்போலச் சொன்னான்: "எதைப் போட்டாலும் ஒண்டு. வான் நேரா நிக்குது எண்டதுக்காகப் பாரம் குறைஞ்சுபோச்செண்டு நினையாதையுங்கோ."

எனக்குத் தடித்த ஸ்பிரிங்தான் வேண்டும். ஒருதரம் போட்டால் தலையிடி இல்லை. நீங்கள் பைதான் என்று நின்றீர்கள். காரணம் கேட்டேன். "எனக்கி மெத்தெண்டு இரிக்கணும் புள்ள," என்றீர்கள், வேறொன்றும் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"வான் திருத்த வந்தனீங்களோ, மெத்தை வாங்க வந்தனீங்களோ? உங்கட பவுசுக்கு நானும் குனிஞ்சு காத்து அளக்கோணுமே?"

தம்பிக்கு முன்னால் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நாலு நாள் உங்களோடு கதைக்கவில்லை. ஒரே விமானத்தில், நீங்கள் இடப்பக்க இருக்கைகள், நான் வலப்பக்கம், இடையில் ஒரு ஆள் நடக்கும் பாதை. ஐந்தாம் நாள் நீங்களே என் பையில் இரண்டு பால்ரொட்டியைப் போட்டுவிட்டுப் போனீர்கள். வானுக்குக் காற்றுப் பை போடப்பட்டது. வான் நிமிர்ந்து நின்றது. சட்டி வீட்டில் நின்றது.

அந்தக் கோடையில் கடலுக்கென்று புறப்பட்டோம். ஆற்றை ஒட்டியே கிழக்கே ஓடினோம். ரிவியேர் டு லூவில் ஆறு கடல்போல விரிந்து கிடந்தது. உப்பு மணமும் வந்தது. "இது கடல்தானே அக்கா, காணும்," என்றேன். நீங்கள் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தீர்கள். "இல்ல புள்ள. அங்கால மலை தெரியுது. இது ஆறு." அன்றிரவு அங்கே தங்கினோம். காலையில் எழுந்தால் நீங்கள் கரவனைக் கொளுவி முடித்துவிட்டு, வானின் முன்பகுதியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். முன்பகுதி மேற்கே பார்த்திருந்தது.

"வீட்டில அடுப்ப நிப்பாட்டினனா எண்டு ஞாபகம் இல்ல. திரும்புவம். கடலுக்கு மறுகா வருவம்."

உங்கள் மகளுக்குப் போன் எடுக்கச் சொன்னேன். அவள் வேலையில் என்றீர்கள். பக்கத்து வீட்டாருக்கு எடுங்கோ என்றேன். நம்பர் இல்லை என்றீர்கள். அவ்வளவு தூரத்தையும் நீங்களே ஓடினீர்கள். நான் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். "நான் கொஞ்சம் ஓடட்டே?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வானெல்லாம் தைலம் மணத்தது. தலையிடிக்குப் பூசியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். அடுப்பை மறக்கிற கிழவிக்குத் தலையிடிக்காமல் என்ன செய்யும் என்றும் நினைத்தேன். மன்னியுங்கோ அக்கா, அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த வசந்தத்தில்தான் சொன்னீர்கள், இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் புற்று என்று. அப்போதுதான் கண்டுபிடித்தார்களாக்கும் என்று நம்பினேன். ஐப்பசியில் போய்விட்டீர்கள். மகள் வான் திறப்பை என் கையில் வைத்து, "அம்மா உங்களுக்கெண்டு சொன்னவ, அன்ரி," என்றாள். அந்த வானைத்தான் இந்தக் குளிர்காலம் முழுக்க வெறும் பையோடு டோர்வலுக்கும் வீட்டுக்கும் ஓட்டினேன்.

இனிச் சனிக்கிழமைக்கு வருகிறேன். தம்பி கிழிந்த பையைக் கையால் தட்டிவிட்டுக் கேட்டான்: "கரவன் இழுக்கப் போறியளே, இல்லையே? இழுக்கேல்லை எண்டால் ரெண்டையும் எடுத்துப்போட்டு விடுறன். இழுக்கிறதெண்டால் இந்த முறை ஸ்பிரிங்கைப் போடுங்கோ. முதலும் அதைத்தானே கேட்டனீங்கள். அந்த அக்கான்ர முதுகுக்காகத்தானே பை..."

அதோடு நிறுத்திவிட்டான். என் முகத்தைப் பார்த்திருப்பான்.

"உங்களுக்குத் தெரியுமெண்டு நினைச்சன் அக்கா," என்றான்.

நான் கோபித்துக்கொண்டு போன அன்றைக்குப் பின்னேரம் நீங்கள் தனியாகக் கராஜுக்குத் திரும்பிப் போயிருக்கிறீர்கள். 'முதுகெலும்புல வருத்தம் இரிக்கு தம்பி. இந்த வான்லதான் ஆஸ்பத்திரிக்குப் போய்வாறன், குலுங்கினா உயிர் போகுது. அவளுக்குச் சொல்லிராத, மறுகா கடலுக்கு வரமாட்டாள்' என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஆற்றங்கரையில் வானைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் காலையிலும் உங்களுக்குத் தெரியும். அடுப்பு அணைந்துதான் இருக்கிறது என்றும் தெரியும்.

உங்களில் எனக்குக் கோபம், அக்கா. எனக்குச் சொல்லாமல் ஒரு கராஜ்காரனுக்குச் சொன்னீர்கள். ஆனால் பவுசு என்று வாய்விட்டவளிடம் யார் போய் நோவைச் சொல்லுவார்கள்? இரண்டும் மாறி மாறி வருகின்றன. இந்தக் கிழமை முழுக்க வேலையிலும் அதுதான். உடம்பு அலுப்பைவிட இந்த அலுப்புத்தான் கூடுதல்.

கரவன் ஆற்றுக்கு அப்பால் தோட்டம் செய்கிற ஒரு கமக்காரனின் வளவில் நிற்கிறது. அவன் இரண்டுமுறை போனில் தகவல் விட்டான், இன்னும் வைத்திருப்பதா, வேறு யாரும் கொண்டுபோவார்களா என்று. நான் திருப்பி எடுக்கவில்லை. விற்றுவிடுவது சுலபம். ஐம்பத்தெட்டு வயதில், ரிவர்ஸில் பின்பக்கம் எடுக்கவே தெரியாத ஒருத்தி, தன்னந்தனியாகக் கரவனை இழுத்துக்கொண்டு எங்கே போவது? தம்பி கேட்டதற்கு 'இழுக்கேல்லை' என்று சொல்ல வாயெடுத்தேன். கையில் கேஜ் இருந்தது. துணியும் இருந்தது.

"பை போடுங்கோ தம்பி," என்றேன்.

"காத்துப் பாக்கோணும் அக்கா. அலுப்பு வேலை."

"பாக்கிறன். எனக்கும் முதுகு இருக்குத்தானே."

அவன் கிழிந்த பையைக் கழற்றத் தொடங்கினான். மூன்று நாளில் வான் திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளில்லாத தொழிற்சாலை வளவில் கரவனைப் பின்பக்கம் எடுக்கப் பழக்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். கமக்காரனுக்குப் போன் எடுத்தேன். ஜூலையில் இரண்டு கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். ரிவியேர் டு லூவில் இம்முறை தங்கமாட்டேன். அதைத் தாண்டி, அங்கால மலை தெரியாத இடம் வரைக்கும் போவேன். மகிழ்ச்சியாகப் போவேன் என்று சொல்ல என்னால் முடியாது. களைத்துப்போய்த்தான் போவேன். சட்டியைக் கொண்டுபோகமாட்டேன். ஆனால் அரிசி கொஞ்சம் கூடவே வைப்பேன், யாரும் வந்தால்.

இப்போது காலையில் வேலைக்குப் புறப்படமுதல் குனிந்து அளக்கிறேன். கிழமைக்கு ஒருக்காப் போதும் என்கிறான் தம்பி. நான் தினமும் பார்க்கிறேன். முழங்கால் முறுகுகிறது. கேஜில் தைல மணம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வருகிறது, அதனால் துணியை மட்டும் எடுத்து வேறாக மூடி வைத்திருக்கிறேன். இன்றைக்கும் பார்த்தேன்.

ஐந்து இருக்கிறது, அக்கா.