பகல்வீடு

2024 பிப்ரவரி 14

சாம்பல் புதன், கறி தின்னக் கூடாத நாள் என்பதே மறந்து பஞ்சாயத்து ஆபீசில் கறி கட்லெட் தின்றுவிட்டேன். மெம்பரானதிலிருந்து சாமிதான் மறக்கிறது, வயிறு மறப்பதில்லை.

சாயங்காலம் மேட்டடியில் தோட்டத்து ஆட்கள் இருக்கிற லயத்து வரிசை வீடுகளுக்குப் போனேன். ஏலக்காட்டு வேலையிலிருந்து நின்றுவிட்ட சாந்தம்மாள் அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "பகல் பூரா செவுத்தப் பாத்து உக்காந்திருக்கேன் மேரி. நமக்கும் ஒரு பகல்வீடு கொண்டாயேன்." வயசானவர்கள் பகலில் கூடியிருந்து, கஞ்சி குடித்து, மருந்தும் வாங்கிப் போகிற இடம். சாந்தன்பாறைப் பக்கம் போனபோது எங்கோ பார்த்தாராம். கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 27

புதிதாக எதுவும் கட்ட வேண்டாம். பங்குக் கோயில் ஹால் ஞாயிறு தவிர பூட்டியேதான் கிடக்கிறது. இருக்கிற ரிசார்ட்டுகளுக்குக் கொஞ்சம் வரி கூட்டினால் கஞ்சிக்கும் நர்சுக்கும் ஆச்சு.

மார்ச் 5

வரி கூட்டலாம் என்றதும் எங்கள் கட்சிச் செயலாளர் சூசையப்பன் அண்ணன் சிரித்தே விட்டார். "இருக்கிறவன் கையக் கடிச்சா எலக்சனுக்கு எவன் வருவான்? மேட்டுல புது ரிசார்ட்டுக்கு ஒருத்தன் அனுமதி கேக்கான். குடுத்தா பகல்வீட்ட அவனே கட்டித் தாரேங்கான். யாருக்கும் கொறையாது, எல்லாருக்கும் கூடும்."

மலையுமா கூடும்? நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

மார்ச் 19

புது ரிசார்ட் அனுமதிக்குப் பஞ்சாயத்தில் ஓட்டெடுப்பு. எதிர்க்கட்சி முனீஸ்வரன் மட்டும், மேட்டை வெட்டினால் கீழே லயத்துக்கு ஆபத்து என்றார். அவர் எதைத்தான் ஆபத்து என்று சொல்லாமல் விட்டார் - இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு கை தூக்கினேன்.

நவம்பர் 8

லயத்து ஓடையில் செம்மண் கலங்கி வருகிறதாம். வடிகட்டிக் குடிக்கச் சொன்னேன். என்ன வாய் இது.

2025 ஏப்ரல் 27

பகல்வீடு திறந்தாயிற்று. டைல்ஸ், டிவி, வாசலில் ரிசார்ட் பெயர் பெரிதாக. சாந்தம்மாள் அக்கா எனக்கு முத்தம் கொடுத்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஜூன் 17

விடாத மழை. மேடு சரிந்து லயத்தின் மேல் விழுந்துவிட்டது. நேற்றே ஆட்களை வெளியேற்றியதால் உயிர் தப்பியது. வீடுகள் மண்ணுக்குள்.

ஐயோ, நான் தூக்கின கைதானே. எனக்குத் தெரியாதா? முனீஸ்வரன் சொன்னப்பவே தெரியும். நாலு பெரிய மனுசங்களப் பகைச்சுக்கப் பயந்துல்ல தூக்கினேன்.

ஜூலை 6

சூசையப்பன் அண்ணன் போன் செய்தார். ரிசார்ட்டை இன்னும் பெரிதாக்க அனுமதி கொடுத்தால், வீடு போனவர்களுக்கு அவனே வீடு கட்டித் தருவானாம். முடியாது என்றேன். "அப்ப இந்த எலக்சனுக்கு வேற ஆளப் பாத்துக்கிடுதோம்," என்றார். பார்க்கட்டும். நான் தூக்காவிட்டால் என்ன, மற்ற கைகள் இருக்கின்றன.

லயத்து ஆட்கள் பகல்வீட்டில்தான் தங்கியிருக்கிறார்கள். டைல்ஸ் தெரியாதபடி பாய், மூட்டை. சாந்தம்மாள் அக்கா ஒரு மூலையில் இருந்தார்.

"பகலுக்குத்தான் கேட்டேன் மேரி. ராத்திரிக்கும் சேத்துக் குடுத்திட்ட."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு நகர்ந்து, பாயில் எனக்கும் இடம் விட்டார்.